கடவுளிடம் முறையிடலாமா? துக்கத்தில் செய்யும் புலம்பல் ஜெபம்

கிறிஸ்தவத் துக்க வீடுகளில் தவறாமல் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." யோபு 1:21. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொள்வார்கள். உள்ளே, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் யாராவது குனிந்து, "அழாதீங்கம்மா, அவர் கர்த்தரோட இருக்கார், சந்தோஷப்படுங்க" என்பார்கள். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அம்மாவுக்குள் அன்றைக்கு ஒரு பயம் புகுந்துவிடும்: அழுதால் விசுவாசக் குறைவோ? அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. வருவது கோபமாக வரும். 'ஏன் எடுத்தீர்?' என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டு, பாவமோ என்று திரும்பிப் போய்விடும்.

கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கென்றே வேதாகமத்தில் ஒரு ஜெப வகை இருக்கிறது. புலம்பல் ஜெபம் என்று அதைச் சொல்வார்கள். கிறிஸ்தவத்துக்குப் புதியவர்களுக்கும், சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போயும் இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கும் (அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள்) அதை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த யோபுவையே எடுத்துக்கொள்வோம். சொத்தையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தபோது அவன் சொன்னதுதான் அந்த வசனம். யோபுவின் புத்தகத்துக்கு 42 அதிகாரங்கள். நாம் மேற்கோள் காட்டுவது முதல் அதிகாரத்தில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு, தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளிடம் வழக்காடுகிறான். அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் கடவுளுக்கு வக்காலத்து வாங்கி, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று அழகழகாக விளக்கம் கொடுக்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது யார்மேல்? நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார் (யோபு 42:7). புலம்பினவனுக்கு நற்சான்று, புத்தி சொன்னவர்களுக்குக் கண்டனம். துக்க வீட்டுக்குப் போகும் முன் இந்த ஒரு வசனத்தையாவது படித்துவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் புலம்பல் ஜெபம் என்றால் என்ன? நடந்ததை நடந்தபடியே கடவுளிடம் சொல்வது, ஏன் என்று கேட்பது, இன்னது வேண்டும் என்று மன்றாடுவது, பதில் வருமுன்பே அவரை விடாமல் பிடித்துக்கொள்வது. இந்த நான்கும் சேர்ந்தது அது. எல்லா ஜெபத்திலும் நான்கும் இருக்காது, வரிசையும் மாறும்.

இது முறுமுறுப்பு ஆகாதா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான், ஏனென்றால் வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரை வேதம் கடிந்துகொள்கிறது. உபாகமம் 1:27ஐப் பாருங்கள். "உங்கள் கூடாரங்களில்" முறுமுறுத்தீர்கள் என்று மோசே அவர்களைக் குற்றப்படுத்துகிறார். கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று தங்களுக்குள்ளே, அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். புலம்புகிறவன் அதே குற்றச்சாட்டை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். கோபம் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒருவரிடம் நேரில் போய்ச் சண்டை போடுகிறோம் என்றால், அவர் இருக்கிறார், கேட்பார், கேட்டால் ஏதாவது செய்யக்கூடியவர் என்று நம்புகிறோம் என்றுதானே அர்த்தம்? முறையீட்டுக்குள்ளேயே விசுவாசம் இருக்கிறது. துக்கத்தில் ஜெபம் தரும் நம்பிக்கைக்கு இதுதான் வேர் என்பது என் எண்ணம். புலம்பலை அடக்கி முடித்த பிறகு கிடைக்கும் பரிசாக நம்பிக்கையை நினைத்துக்கொண்டிருப்பதால்தான் பலர் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள்.

ஆறே வசனத்தில் ஒரு புலம்பல்

வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்கள் மொத்தம் 150. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான். துதிப் பாடல்களின் புத்தகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் இவ்வளவு அழுகை. ஆரம்பிப்பவர்களுக்குச் சங்கீதம் 13 நல்ல இடம். ஆறு வசனம், ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று தொடங்குகிறது. முகமன் இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. எடுத்த எடுப்பில் குற்றச்சாட்டு. முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தரம் கேட்கிறார். கடவுள் மறந்துவிட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், என் மனதுக்குள் நாள்முழுக்க ஓயாத சஞ்சலம், வெளியே சத்துரு தலைதூக்கி நிற்கிறான். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் இரண்டாவது வசனம் சட்டென்று பிடிபடும். "என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்கிறாரே, அது எது? வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ, அன்றைக்குப் பைக்கில் அனுப்பாமல் இருந்திருக்கலாமோ என்று ராத்திரி இரண்டு மணிக்கு மண்டைக்குள் ஓடுகிறதே, அதுதான்.

மூன்றாம், நான்காம் வசனங்களில் வேண்டுதல். "எனக்குச் செவிகொடுத்தருளும்", "என் கண்களைத் தெளிவாக்கும்." இப்படிச் செய்யாவிட்டால் நான் செத்தே போவேன், எதிரிகள் சிரிப்பார்கள் என்று கடவுளுக்குக் காரணம் வேறு சொல்கிறார்.

ஐந்தாம் வசனத்தில் ஒரு திருப்பம். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." ஆறாவதில் பாடுவேன் என்று முடிக்கிறார். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன நடந்தது? சங்கீதம் சொல்லவில்லை. ஆலயத்தில் ஒரு ஆசாரியன் ஆறுதல் வாக்கு சொல்லியிருக்கலாம் என்று கருதும் வேத அறிஞர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் எதிரி போய்விட்டான் என்றோ, பிரச்சினை தீர்ந்தது என்றோ ஒரு வார்த்தை கிடையாது. நாம் இதை ஒரு நிமிடத்தில் வாசித்துவிடுவதால், எழுதியவரும் ஒரு நிமிடத்தில் தேறிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. நான்காம் வசனத்திலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் இந்தச் சங்கீதத்தைத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள், பாதி வரை.

திருப்பமே வராத சங்கீதமும் ஒன்று இருக்கிறது. 88ஆம் சங்கீதம். எஸ்ராகியனாகிய ஏமான் பெயரில் உள்ளது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று ஆரம்பித்து, 18 வசனமும் இருட்டிலேயே நடந்து, நண்பர்களையும் தோழர்களையும் என்னை விட்டுத் தூரமாக்கினீர் என்பதோடு நின்றுவிடுகிறது. 'ஆனாலும்' என்று ஒரு வரி கிடையாது. இப்படி ஒன்றை வேதத்தில் சேர்த்து, நூற்றாண்டு நூற்றாண்டாகச் சபையார் வாசித்து வருகிறார்கள் என்றால், நம்பிக்கையான முடிவு இல்லாத ஜெபமும் ஜெபம்தான் என்று ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகிறது.

புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகமும் உண்டு. கி.மு. 586ஐ ஒட்டி பாபிலோனியர் எருசலேமை இடித்து, ஆலயத்தைக் கொளுத்திய பிறகு எழுந்த அழுகை அது. ஐந்து அதிகாரங்கள். முதல் நான்கும் எபிரெய அரிச்சுவடி வரிசையில், 22 எழுத்துக்களுக்கும் வசனம் வைத்துக் கட்டப்பட்டவை. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம் என்று 66. அதன் நடுவில்தான் நம் வீட்டு நாட்காட்டிகளிலும் புதுவருட வாக்குத்தத்த அட்டைகளிலும் வரும் வரி இருக்கிறது: "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." ரோஜாப்பூப் படத்தின்மேல் அச்சடித்து மாட்டியிருப்பதால் ஏதோ இனிமையான காலையில் எழுதியது போலத் தெரிகிறது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் வீதியில் பசியால் மயங்கி விழும் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்த வரியோடு புத்தகம் முடிவதும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் அழுகை. எங்களை ஒரேயடியாக வெறுத்துவிட்டீரோ என்ற ஏக்கத்தில்தான் ஐந்தாம் அதிகாரம் முடிகிறது. துக்கத்தில் நம்பிக்கை எப்படி வரும் என்பதற்கு இதைவிட உண்மையான வரைபடம் இல்லை. ஒரு நாள் காலை கொஞ்சம் வெளிச்சம் தெரியும். மறுநாள் இருக்காது. அதனால் முந்தின நாள் பார்த்தது பொய்யாகிவிடாது.

அழாதே என்று எழுதியிருக்கிறதா?

அப்போஸ்தலர் பவுல் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம் 4:13. கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டது. அந்தச் சபையாருக்கு ஒரு கலக்கம் இருந்தது. கிறிஸ்து திரும்ப வருவார் என்று காத்திருந்தார்கள். அதற்குள் சிலர் இறந்துபோனார்கள். அவர் வரும்போது இவர்களுக்கு என்ன ஆகும், விடுபட்டுப் போவார்களா? அதற்குத்தான் பவுல், "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று எழுதுகிறார். 'மற்றவர்களைப்போல' என்பதை விழுங்கிவிட்டு, துக்கிக்கவே கூடாது என்று வாசிப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. இயேசு மரித்து எழுந்தார், அவருக்குள் மரித்தவர்களும் எழுவார்கள் என்பது அவர் கொடுக்கும் காரணம். கிறிஸ்தவர்கள் துக்கத்தில் 'நம்பிக்கை' என்று சொல்லும்போது நினைப்பது இந்த உயிர்த்தெழுதலைத்தான். எல்லாம் சரியாகிவிடும், காலம் ஆற்றும் என்ற பொதுவான தேறுதல் வேறு.

உயிர்த்தெழுதல் உண்டு என்றால் அழுகை எதற்கு? யோவான் 11ஆம் அதிகாரம் இந்தக் கேள்விக்கு ஒரு காட்சியாகவே பதில் வைத்திருக்கிறது. பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. இயேசு அப்போதுதான் வந்து சேர்கிறார். அவன் சகோதரியாகிய மார்த்தாள் வழியிலேயே எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். நம் ஊர்ப் பெண் ஒருத்தி 'இப்பதான் வர்றீங்களா?' என்று கேட்கிற அதே தொனி. பிறகு இன்னொரு சகோதரியாகிய மரியாள் வந்து, அவள் பங்குக்கு அதையே சொல்கிறாள். இரண்டு பேரையும் அவர் அதட்டவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "இயேசு கண்ணீர் விட்டார்" (யோவான் 11:35). முடிவு தெரிந்தவரே அழுதிருக்கும்போது, அடக்க ஆராதனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த என்ன இருக்கிறது?

சிலுவையிலும் அவர் ஜெபித்தது ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரியை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22ஆம் சங்கீதம். கைவிடப்பட்டதாகத் தோன்றும் நேரத்தில் என்ன ஜெபிப்பது என்று தெரியாதவர்களுக்கு, இதைவிடப் பெரிய முன்மாதிரி தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது

வீட்டில், தனியாக, வாய்விட்டு. முடிந்தால் பேச்சுத்தமிழில். மேடை ஜெபத்தின் பாஷை துக்கத்தில் பாரமாக இருக்கும். பொத்தாம்பொதுவாக இல்லாமல், அன்றைக்கு நெஞ்சைக் குத்தின ஒரு பொருளையோ நிமிடத்தையோ பிடித்துக்கொண்டு பேசுங்கள். கணவரை இழந்த ஒருவர் இப்படி ஜெபிக்கலாம்:

"ஆண்டவரே, ஆஸ்பத்திரி வராந்தாவுல உபவாசம் இருந்து கேட்டேன். நீர் தரல. ஏன்னு எனக்குப் புரியல, கோவமா இருக்கு. அவர் மாத்திரை டப்பாவுல வியாழக்கிழமை மாத்திரை இன்னும் அப்படியே கிடக்கு, தூக்கிப் போடவும் கை வரல. இன்னிக்கு ராத்திரி மட்டும் எனக்குத் தூக்கம் தாரும். காலையில பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்ப பெலன் தாரும். உம்மை விட்டா நான் யார்கிட்ட போவேன். ஆமென்."

நடந்தது, கேள்வி, வேண்டுதல், பிடித்துக்கொள்ளுதல் எல்லாம் இதில் இருக்கின்றன. வேண்டுதல் எவ்வளவு சிறியது என்று கவனியுங்கள்: ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு காலை. வாழ்நாள் முழுவதற்கும் ஆறுதல் கேட்கத் துக்கத்தில் இருப்பவருக்குத் தெம்பு இருக்காது.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. ஏலி என்ற ஆசாரியனுக்கு முன்னால் அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. குடித்திருக்கிறாள் என்று அவன் நினைத்துவிட்டான் (1 சாமுவேல் 1). நமக்கு எப்படி ஜெபிப்பது என்று தெரியாதபோது "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் அடுத்தவர் வார்த்தைகளைக் கடன் வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. பரமண்டல ஜெபம், பழைய ஞானப்பாட்டு, கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை. விரல் மணிகளில் நகர்ந்துகொண்டிருந்தால் போதும், மனம் பின்னால் வரும்போது வரட்டும்.

சபைக்குச் சபை இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. தெரிந்துவைத்துக்கொண்டால் கலப்புக் குடும்பங்களில் மனஸ்தாபம் வராது. கத்தோலிக்கர்கள் இறந்தவரின் ஆன்மாவுக்காகவே ஜெபிப்பார்கள், திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இறந்தவர்களுக்காக வேண்டுவதைப் பேசும் மக்கபேயர் இரண்டாம் நூல் அவர்கள் விவிலியத்தில் உண்டு. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் அது இல்லை, சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக இறந்தவருக்காக ஜெபிக்காமல், அவருக்காக நன்றி சொல்லி, குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிப்பார்கள். புலம்பல் இரு தரப்புக்கும் பொது.

தனியாகத்தான் புலம்ப வேண்டும் என்பதும் இல்லை. "புலம்பற்காரிகளை வரவழைத்து" என்று எரேமியா 9:17 கட்டளையாகவே சொல்கிறது. ஒப்பாரி வைக்கத் தெரிந்த பாட்டிகள் இருந்த ஊர்க்காரர்களுக்கு அது யாரென்று விளக்க வேண்டியதில்லை. ஒப்பாரியை அஞ்ஞான வழக்கம் என்று ஒதுக்கிய சபைகள் உண்டு. அந்த இடத்தில் வேறொரு புலம்பலை வைக்காமல், நேரே துதிப் பாட்டுக்குத் தாவியது நமக்கு நஷ்டம் என்றே நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை வந்தவர்களும், குளச்சல் பக்கக் கடற்கரைக் கிராமத்தாரும் சுனாமி அலையில் போனார்கள். இன்றும் அந்தத் தேதியில் கடலோரப் பங்குகளில் நினைவுத் திருப்பலியும் மெழுகுவர்த்தியும் உண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கூடி அழுகிறார்கள். இரண்டும் சேர்ந்தேதான் நடக்கிறது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபித்தார் (1 இராஜாக்கள் 19). கடவுள் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டார். பேச்செல்லாம் அப்புறம்தான். துக்கத்தில் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் போய்விட்டால், இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், ஜெபித்துக்கொண்டே மருத்துவரையும் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை எடுத்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்த அடையும் தண்ணீரும் யார் அனுப்பியது என்று கேளுங்கள்.

பக்கத்தில் இருந்து தாங்குகிறவர்களுக்கு யோபுவின் நண்பர்களே பாடம். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த முதல் ஏழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தது. 'கடவுளுக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்' என்ற வசனம் வேதத்தில் எங்கேயும் இல்லை. பிள்ளையை இழந்தவர்களிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் புலம்பும்போது கடவுளுக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம்.

எதை வாசிப்பது என்று கேட்டால், 13க்குப் பிறகு 6ஐ எடுங்கள். "இராமுழுவதும் என் கண்ணீரால் என் படுக்கையை மிகவும் ஈரமாக்கி" என்ற வரி அதில்தான் வருகிறது. தூக்கம் வராத இரவுகளுக்கு 77. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று கடவுளையே அதில் குற்றம் சாட்டுகிறார் ஆசாப். அந்தச் சங்கீதத்தின் முதல் பாதி முழுக்கக் கேள்வி. பின்பாதியில் கடவுள் முன்காலத்தில் செய்தவற்றை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவருகிறார். முதல் பாதியோடு அன்றைக்கு மூடிவைக்கத் தோன்றினால் மூடிவைத்துவிடுங்கள். பின்பாதியை மறுநாளோ, மறுவாரமோ வாசித்துக்கொள்ளலாம்.